பத்து மைல் தள்ளி ஒரு பவுண்டு தானியம்

கேள்வி: என் மாமனார் நெல் விவசாயி. "நூறு நாள் வேலையும் ரேஷன் அரிசியும் வந்து ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டன. தாது வருஷப் பஞ்சத்திலேயே உழைத்தவனுக்குத்தான் கஞ்சி ஊற்றினார்கள்" என்று தினமும் ஒரு பாட்டம் பேசுவார். அது உண்மையா? அவருக்கு என்ன பதில் சொல்லலாம்? - ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: மாமனார் சொல்வது பாதி சரி. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு மண் வேலை செய்தால்தான் கூலி. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்த் துண்டு, சுமார் 8 கிலோமீட்டர், அப்படி வெட்டப்பட்டதுதான். பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனுடையது. மண் சுமந்தது பசித்தவர்கள். என்ன கூலி, எவ்வளவு தூரத்தில், சுமந்தவர்கள் கதி என்ன என்பதெல்லாம் மாமனார் விட்டுவிடுகிற மீதிப் பாதி.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியைத் தெற்கே அனுப்பினார். 1873-74ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கிப் பெருஞ்சாவைத் தடுத்தவர் இவர்தான். அதற்குக் கிடைத்த பரிசு, கஜானாவைக் கரைத்தவர் என்ற ஏச்சு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? சென்னைக்கு வந்ததும் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க வேலை செய்த ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம், கூடச் சில்லறைக் காசு. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதிலும் கம்மி. வீட்டிலிருந்து 10 மைலுக்குள் வேலை கிடையாது என்று தூரத்தையும் ஒரு சோதனையாக்கினார்கள். நிஜமாகவே பசித்தவன்தான் 16 கிலோமீட்டர் நடந்து வருவான் என்பது கணக்கு. நிஜமாகவே பசித்தவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பது கணக்கில் வரவில்லை.

அடுப்படியில் தராசு இருந்தால் 450 கிராம் அரிசியை நிறுத்து மாமனார் முன்னால் வையுங்கள். மூன்று ஆழாக்குக்குச் சற்று மேல் வரும். அதிலிருந்து கிடைப்பது சுமார் 1,600 கலோரி. மண் வெட்டிச் சுமக்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,000க்கு மேல் வேண்டும். பருப்பில்லை, காயில்லை. உடம்பு தன் சதையையே தின்னும். பிறகு வயிற்றுப்போக்கோ காலராவோ வந்தால் தாங்காது. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைத்தான் எழுத்தில் சண்டை போட்டுச் சொன்னார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், மேலே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்தது: ஒன்றேகால் பவுண்டு, கூடக் கொஞ்சம் பருப்பு. தெற்கிலும் மேற்கிலும் அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள், குறைந்த மதிப்பீட்டின்படியே 50 லட்சத்துக்கு மேல். ஆக, உழைத்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள் என்பது மெய்தான். உழைத்தும் செத்தார்கள் என்பதும் மெய்.

டெம்பிள் கொடூரக்காரர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பீகாரில் காப்பாற்றியதும் அதே ஆள்தானே. மாறியது மேலிடத்து நம்பிக்கை. ஏழைக்கு உதவினால் ஏழைகள் பெருகுவார்கள் என்ற கொள்கைக்குப் பேர்போன பொருளாதார அறிஞர் மால்தஸ், கிழக்கிந்திய கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் 1805லிருந்து 1834ல் சாகும்வரை ஆசிரியர். அதே 1834ல் இங்கிலாந்தில் புதிய ஏழையர் சட்டம் வந்தது. அது சொன்னது: உதவி வேண்டுமானால் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் பணிவிடுதிக்குள் போ; அங்கே உள்ள வாழ்க்கை வெளியே மிக மோசமான கூலிக்காரன் வாழ்க்கையைவிடத் தாழ்ந்ததாக இருக்கும்; புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து வைப்போம். ஆண்டோவர் என்ற ஊரின் பணிவிடுதியில் உரத்துக்காக எலும்பு நொறுக்கப் போடப்பட்டவர்கள் அதில் ஒட்டியிருந்த மஜ்ஜையைத் தின்றது 1845ல் அம்பலமாகி ஊரே நாறியது. அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணப் பணத்தை இறுக்கிப் பிடித்த கருவூல அதிகாரி டிரெவல்யான் ஹெய்லிபரியில் படித்தவர். 1859ல் சென்னை கவர்னராகவும் வந்தார். அதே வகுப்பறைப் பாடம் கடல் தாண்டித் தாண்டி வந்ததைப் பாருங்கள்.

சோம்பேறி என்ற குற்றச்சாட்டுக்கும் அந்தக் காலத்தில் ஓர் ஆதாரம் காட்டினார்கள். 1795லிருந்து இங்கிலாந்தின் சில பகுதிகளில் ரொட்டி விலைக்கேற்பக் கூலிக்கு மேல் உதவித்தொகை கொடுத்தார்கள். அது ஜனங்களைக் கெடுத்துவிட்டது என்று 1834 ஏழையர் சட்டத்துக்கு அடிப்படையான அறிக்கை சொன்னது. அந்த அறிக்கை தனக்குத் தோதான சாட்சியங்களைப் பொறுக்கி எடுத்துக் கோத்தது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். பேச்சு மட்டும் சாகவில்லை; உங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்று உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டியிருந்தது. வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் கேட்டது ஒன்றே: பசிக்கிறதா? சாதி கேட்கவில்லை, மண் சுமக்கச் சொல்லவில்லை. ஆனாலும் தருமத்தால் மட்டும் ஒரு மாகாணத்தைக் காப்பாற்ற முடியாது. கூட்டம் லட்சக்கணக்கில் போகும்போது கஜானாவும் சட்டமும் வேண்டும்.

அந்தச் சட்டம் சாவுக்குப் பிறகுதான் வந்தது. 1880ல் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன், உயிர் காப்பது அரசின் கடமை, கூலி உடம்பைத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று எழுதியது. அதிலிருந்து, பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பஞ்ச விதிகள் பிறந்தன. 1972 வறட்சிக்குப் பின் மகாராஷ்டிரம் 1977ல் இயற்றிய வேலை உறுதிச் சட்டம் அந்த மரபில் வந்தது. 2005ன் நூறு நாள் வேலைச் சட்டம் அதன் தொடர்ச்சி. அது 2006 பிப்ரவரி 2 அன்று தொடங்கப்பட்ட பண்ட்லபள்ளி, அனந்தபூர் மாவட்டத்தில் இருக்கிறது. தாது வருஷத்தில் மிக மோசமாக அடிபட்ட பல்லாரிச் சீமைதான் அது.

2025 டிசம்பரில் அந்த நூறு நாள் சட்டத்தின் இடத்துக்குப் புதுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2005ல் எழுதப்பட்டபடி, வேலை 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டியிருந்தது. தாண்டினால் 10 சதவீதம் கூடுதல் கூலி. தாது வருஷத்தில் தூரம் ஒரு சோதனை, இந்தச் சட்டத்தில் ஈடு கொடுக்க வேண்டிய கஷ்டம். ஓட்டையும் இருந்தது. 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் மனு கொடுத்ததற்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கையில் இல்லாவிட்டால் கேட்கவே முடியவில்லை. பெரும்பாலும் அது எழுதித் தரப்படவில்லை. கூலி தாமதமானால் இழப்பீடு நாளுக்கு 0.05 சதவீதம், அதாவது 2,000 ரூபாய்க்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்கு எந்த அலுவலகம் பயந்திருக்கும்?

இனி மாமனாரிடம் "இலவசம் சரியா, தப்பா" என்று வாதாட வேண்டாம். அது இருநூறு வருஷமாக முடியாத சண்டை. எவ்வளவு, எவ்வளவு தூரத்தில், யாரைத் தள்ளி வைத்து, எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்று மட்டும் கேளுங்கள். எந்தத் திட்டத்தையும் இந்தக் கேள்விகள் உரித்துக் காட்டிவிடும். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற அவருடைய உண்மையான புகாரை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். எந்த மாதத்தில் எந்த வேலை என்பதைக் கிராம சபையில் பேசலாம். ஏரி, வாய்க்கால் தூர்வாருவதைத் தண்ணீர் வற்றிய சித்திரை, வைகாசியில் வைத்து, நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களை விட்டுவிடச் சொல்லி அவரையே அங்கே எழுந்து கேட்கச் சொல்லுங்கள்.