வாசகர் கேள்வி-பதில்: கெட்டியான எண்ணெய் ஏன் மிதக்கிறது?

சிறு குழந்தைகளுக்குத் திரவங்களைப் பற்றிக் கற்பிப்பது குறித்து இம்மாதம் நான்கு கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றின் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் அவற்றைச் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: காங்கேயம் பகுதியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். டம்ளரில் தண்ணீருக்கு மேல் கடலை எண்ணெய் மிதப்பதைக் காட்டியபோது, “ஏனுங்க டீச்சர், எண்ணெய்தானே கெட்டி, அது அடியிலதானே போகோணும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எண்ணெய் லேசானது என்று சொன்னேன். வகுப்பில் யாரும் நம்பவில்லை. எப்படி விளக்கியிருக்க வேண்டும்?

பதில்: அந்த மாணவியின் தர்க்கத்தில் குறையில்லை, நாம் அவளுக்குக் கொடுத்திருக்கும் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. கெட்டித் தயிர், கெட்டிச் சட்னி என்னும்போது எளிதில் ஓடாதது என்று பொருள்படுகிறது. எண்ணெய் உறைந்து கெட்டியாகிவிட்டது என்னும்போது திடப்பொருளாகிவிட்டது என்று பொருள்படுகிறது. தண்ணீர் கலக்காத பால் கெட்டியாக இருக்கிறது என்னும்போது அதில் சத்தும் கனமும் மிகுதி என்று கொள்கிறோம். (புத்திசாலியைக் கெட்டிக்காரன் என்பதையும் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும்.) ஆகவே எண்ணெய் லேசானது என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, மெதுவாக ஓடுவது வேறு, கனமாக இருப்பது வேறு என்பதைக் குழந்தைகள் தாமே காணும்படி செய்வதே சரியான வழி.

முதலில் ஓட்டப்பந்தயம் நடத்துங்கள். எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சாய்த்து வைத்து, மேல் விளிம்பில் தண்ணீர், பால், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய், ஆறிய நாட்டுச்சர்க்கரைப் பாகு ஆகியவற்றில் ஒவ்வொரு கரண்டி ஊற்றச் செய்யுங்கள். தண்ணீரும் பாலும் ஏறக்குறைய ஒன்றாகக் கீழே வந்துவிடும், கடலை எண்ணெய் சற்றுப் பின்தங்கும், விளக்கெண்ணெயும் பாகும் நகர்வதற்கே யோசிக்கும். எந்தத் திரவம் எத்தனையாவதாக வந்தது என்பதைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். பிறகு பால், இரண்டு எண்ணெய்கள், பாகு ஆகிய நான்கையும் தனித்தனிப் பாட்டில்களில் உள்ள தண்ணீரில் மெல்ல ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பந்தயத்தில் பின்தங்கிய விளக்கெண்ணெய் மேலே மிதக்கும். அதோடு சேர்ந்து பின்தங்கிய பாகு அடியில் இறங்கும். அந்த இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நீங்கள் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். மெதுவாக ஓடுவதெல்லாம் அடியில் போகும் என்ற எண்ணம் அங்கேயே உடைவதற்கு அந்த அமைதி தேவை.

கனத்தைத் தராசில் காட்டுவது இன்னும் நல்லது. 100 மில்லிலிட்டர் தண்ணீர் 100 கிராம் இருக்கும். அதே அளவு கடலை எண்ணெய் சுமார் 91 கிராமும், விளக்கெண்ணெய் சுமார் 96 கிராமும், பால் சுமார் 103 கிராமும் இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதும் இதனால்தான். (மரச்செக்கில் எண்ணெய் வாங்கும்போது, சொல்லும் விலை கிலோவுக்கா லிட்டருக்கா என்று கேட்டுக்கொள்வது பெரியவர்களுக்கும் நல்லது.) பால் தண்ணீரைப் போலவே ஓடுகிறது, ஆனாலும் தண்ணீரைவிடக் கனமானது, எண்ணெய் தண்ணீரைவிட மெதுவாக ஓடுகிறது, ஆனாலும் லேசானது. இந்த ஒரு ஜோடியை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

உங்கள் ஊரில் பால் சொசைட்டி இருந்தால், காலை நேரத்தில் குழந்தைகளை அழைத்துச் சென்று, பாலின் கனத்தை அளக்கும் மிதவைக் கருவியான பால்மானியைக் காட்டுங்கள். தண்ணீரில் ஆழமாக அமிழும் அக்கருவி, பாலில் சற்று உயர்ந்து நிற்கும். பள்ளியிலேயே ஓர் உறிஞ்சுகுழலின் அடியைக் களிமண்ணால் அடைத்தால், தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் வெவ்வேறு ஆழத்தில் செங்குத்தாக மிதக்கும் சிறு கருவி கிடைத்துவிடும். அடர்த்தி, பாகுநிலை என்ற பாடநூல் சொற்களுக்கு இவ்வயதில் அவசரமில்லை. ‘கனம்’, ‘ஓட்டம்’ என்று இரண்டு சொற்களைப் பழக்கிவிட்டு, கெட்டி என்ற சொல் வரும்போதெல்லாம் “எந்தக் கெட்டி?” என்று கேளுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் வசிக்கிறோம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. தேங்காய் எண்ணெய் திரவமா, திடப்பொருளா என்று என் ஆறு வயது மகள் கேட்கிறாள்.

பதில்: இரண்டும்தான் என்று தயங்காமல் சொல்லுங்கள், எப்போது எது என்பதைக் குளிர் தீர்மானிக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பாக இருப்பதால், அதன் மூலக்கூறுகள் எளிதில் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. நல்லெண்ணெயில் அத்தகைய கொழுப்பு குறைவு என்பதால் நம் ஊர்க் குளிர் அதை உறையச் செய்யப் போதாது.

உங்களுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு பாடம் அந்தப் பாட்டிலிலேயே இருக்கிறது. வெயில் ஏறி எண்ணெய் பாதி உருகியிருக்கும் நேரத்தில் கவனித்தால், உறைந்த கட்டிகள் உருகிய எண்ணெய்க்கு அடியில் கிடக்கும். ஆனால் டம்ளர் தண்ணீரில் போட்ட ஐஸ் கட்டி மேலே மிதக்கிறது. பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்கி, அதனால் அதே கன அளவில் கூடுதல் எடை கொள்கின்றன; தண்ணீரோ உறையும்போது விரிவடைகிறது. விதிவிலக்கு தண்ணீர்தான், ஆனால் நாம் தினமும் பார்ப்பது அதை என்பதால் அதையே விதி என்று நினைத்துவிடுகிறோம். இதே எண்ணெய்க் கட்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டால் அது மிதக்கும். தன் எண்ணெயில் மூழ்குவது தண்ணீரில் மிதப்பதை உங்கள் மகள் தானே கண்டறியட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: திருப்பூர். என் ஐந்து வயது மகன் முன்னாலேயே அகலமான போசியில் இருந்த பாலை உயரமான டம்ளருக்கு மாற்றினேன். பால் அதிகமாகிவிட்டது என்கிறான். மந்தமாக இருக்கிறானோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: கவலை வேண்டாம். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே கடந்த நூற்றாண்டில் இதே சோதனையைக் குழந்தைகளிடம் செய்து, ஏழு வயதை ஒட்டித்தான் பெரும்பாலோர் அளவு மாறவில்லை என்பதை உணர்கிறார்கள் என்று காட்டினார். அதுவரை உயரம் அவர்கள் கண்ணை ஆட்கொண்டுவிடுகிறது. நீங்கள் திருத்தினால் உங்களுக்காக ஒப்புக்கொள்வானே தவிர, நம்பமாட்டான். குளிக்கும்போது நான்கைந்து பாத்திரங்களைக் கொடுத்துத் திரும்பத் திரும்ப ஊற்றி விளையாட விடுங்கள்.

கேள்வி: பெருந்துறை. திரவம் பாத்திரத்தின் வடிவத்தைக் கொள்ளும் என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். “ராகியும் அப்படித்தானுங்க தாத்தா, அப்ப அதும் திரவமா?” என்கிறான். பதில் தெரியவில்லை.

பதில்: பாத்திரத்தின் வடிவத்தைக் கொள்ளும் என்ற இலக்கணத்தை மட்டும் சொல்லி நிறுத்தியதால் வந்த கேள்வி இது. ராகியைத் தரையில் கொட்டச் சொல்லுங்கள்: குவியலாக நிற்கும். தண்ணீரைக் கொட்டினால் குவியாது, பரவிவிடும். ஒவ்வொரு ராகி மணியும் தன் வடிவத்தை விடாமல் வைத்திருப்பதையும், மணிகள் ஒன்றோடொன்று உரசி நிற்பதையும் பூதக்கண்ணாடியில் காட்டலாம். தண்ணீரின் இன்னொரு குணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார், தண்ணீர் நிரப்பிய நீண்ட குழாயின் இரு முனைகளையும் இரண்டு சுவர்களில் பிடித்து மட்டம் பார்ப்பார்; குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ராகியை நிரப்பி மட்டம் பார்க்க முடியுமா என்று பேரனையே கேளுங்கள்.

கடிதம் எழுதிய நால்வருக்கும் ஓர் எச்சரிக்கை. மிதக்கும் திரவம்தானே என்று மண்ணெண்ணெயைக் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். விழுங்கினால் நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய காய்ச்சல்மானியை உடைத்துப் பாதரசம் காட்டுவதும் கூடாது. சோதனை முடிந்தபின் மிஞ்சும் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். தண்ணீருக்கு மேல் மிதப்பதைக் கரண்டியால் அள்ளி வடிகட்டி, விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.