கடல் தாழ்ந்ததா, நிலம் உயர்ந்ததா?

அன்புள்ள ஐயா,

எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புப் பாறையில் கடலுயிர்களின் எச்சங்கள் உள்ளனவாம். கடல் ஒருகாலத்தில் அவ்வளவு உயரத்தில் நின்றதா? முன்பு கடல் இறங்கியது என்றார்கள், பிறகு நிலம் ஏறியது என்றார்கள். இப்படி மாற்றி மாற்றிப் பேசும் விஞ்ஞானிகள் குமரிக்கண்டத்தை மட்டும் ஏன் மறுக்கிறார்கள்?

ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள தம்பிக்கு,

கடல் அங்கே ஏறவில்லை. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியதால் மேலே தூக்கப்பட்டது. இன்றுள்ள பனி முழுவதும் உருகினாலும் கடல் சுமார் 70 மீட்டரே உயரும். உறைபனிக் காலத்தின் உச்சத்தில் கடல் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது பாக் நீரிணை நிலமாக இருந்தது உண்மை. அதைக் கொண்டு ஒரு கண்டத்தை எழுப்ப முடியாது.

ஆனால் ‘மாற்றி மாற்றிப் பேசும்’ என்று எழுதினீர்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சில வாரங்களாகவே வட ஐரோப்பாவின் பால்டிக் கரையில் கடல் இறங்குகிறதா, நிலம் எழுகிறதா என்று நடந்த பழைய விவாதத்தைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெப்ப அளவைக்குப் பெயர் தந்த அதே ஸ்வீடன் நாட்டு செல்சியஸ், சீல் என்னும் கடல்விலங்குகள் ஏறிப் படுத்த பாறைகள் காலப்போக்கில் நீர்மட்டத்துக்கு மேலே வந்து வேட்டைக்குப் பயனற்றுப்போனதைப் பழைய ஆவணங்களில் கண்டு, கடல் வற்றுகிறது என முடிவு செய்தார். 1731இல் யெவ்லே நகரருகே லோவ்குருண்ட் தீவின் பாறையில் அன்றைய நீர்மட்டத்தைக் குறித்தும் வைத்தார். 1802இல் ஸ்காட்லாந்து அறிஞர் பிளேஃபேர் அந்த விளக்கத்தை மறுத்தார்: நீர் தன்மட்டம் காப்பது, ஓரிடத்தில் மட்டும் அது இறங்க முடியாது, எனவே நிலமே எழுகிறது. முதலில் நம்ப மறுத்த நிலவியலாளர் லயெல் 1834இல் நேரில் போய்ப் பார்த்து, அந்தக் குறி நீருக்கு மேலே நிற்பதைக் கண்டபின் ஏற்றுக்கொண்டார். எழுவதற்கான காரணத்தை ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேமிசன் 1865இல் சொன்னார்: பனிப்பாளத்தின் பாரத்தில் அமிழ்ந்த நிலம், பனி உருகியபின் மெல்ல மீள்கிறது. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் நிலம் இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் எழுகிறது. ஸ்வீடனின் தென்கோடியில் ஏறத்தாழ அசைவே இல்லை.

இதிலே யார் பேச்சை மாற்றினார்கள்? செல்சியஸின் விளக்கத்தை வீழ்த்தியவர்கள் அவர் வெட்டிய குறியையே சான்றாகக் கொண்டார்கள். மறுப்பவர் அளந்து பார்க்க ஓர் அடையாளத்தை அவர் விட்டுச்சென்றார். குமரிக்கண்டத்தை நிறுவ வருபவர்களிடம் நான் கேட்பதும் அப்படி அளக்கத்தக்க ஒன்றைத்தான், தம்பி. உங்களிடம் அது இருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன்.