இரத்தக் கழிச்சல்: மருந்து தண்ணீரில், நோய் கூளத்தில்

கேள்வி: தரையில் உமி, மரத்தூள் போன்ற கூளத்தைத் தடிமனாகப் பரப்பிய ஆழ்கூளக் கொட்டகையில் 200 கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். வயது 28 நாள். சென்ற வாரம் சாரல் அடித்துக் கொட்டகையின் ஒரு பக்கம் நனைந்தது. இப்போது எச்சத்தில் இரத்தம் தெரிகிறது. இரண்டு நாளில் ஒன்பது குஞ்சுகள் இறந்துவிட்டன. குடற்புழு நீக்க மருந்து கொடுத்தும் பயனில்லை. பக்கத்துக் கொட்டிலில் இரண்டு மாத வெள்ளாட்டுக் குட்டி ஒன்றுக்கும் கழிச்சல். கோழியிடமிருந்து தொற்றியிருக்குமா?

பதில்: நீங்கள் சொல்லும் வயது, நனைந்த கூளம், இரத்தம் மூன்றும் காக்சிடியோசிஸ் எனப்படும் இரத்தக் கழிச்சலையே காட்டுகின்றன. இதற்குக் காரணம் ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. இது புழு அல்ல. அதனால்தான் புழு மருந்து வேலை செய்யவில்லை. அந்த மருந்தை மறுபடியும் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள்.

உறுதி செய்ய, இறந்து சில மணி நேரத்துக்குள் ஒரு குஞ்சைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோழியின் சிறுகுடல் முடியும் இடத்தில், முனை மூடிய இரண்டு குடல் பைகள் உண்டு. நல்ல குஞ்சில் அவை சுண்டுவிரலைவிட மெலிதாக, பழுப்பான கூழுடன் இருக்கும். ஐமீரியா டெனெல்லா தாக்கிய குஞ்சில் இரண்டும் வீங்கிக் கருஞ்சிவப்பாகி, உள்ளே இரத்தமும் உறைகட்டியும் அடைத்திருக்கும். சிறுகுடலின் நடுப்பகுதி உப்பி, வெளிப்புறத்தில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் இருந்தால் அது நெகாட்ரிக்ஸ் என்னும் இன்னொரு வகை. ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆரோக்கியமான கோழியும் இடையிடையே பழுப்பு நிறத்தில் பசை போன்ற எச்சம் இடும். அது இந்தக் குடல் பைகளிலிருந்து வருவது; நோயல்ல.

சாரல் அடித்த நாளிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்சத்தோடு வெளிவரும் ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு உடனே நோய் தராது. ஈரம், வெப்பம், காற்று மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து, ஒரு கூட்டுக்குள் எட்டுக் கிருமிகள் தயாராகிவிடும். கூளத்தைக் கிளறும் குஞ்சு அதை விழுங்கி நான்கைந்து நாள் கழித்துத்தான் இரத்தம் தெரியும். ஆக மொத்தம் ஒரு வாரம். இன்று நீங்கள் காண்பது சென்ற வார ஈரத்தின் விளைவு. இன்றைக்கு இருக்கும் ஈரம் அடுத்த வாரத்துக்கான நோயைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே மருந்தையும் கூளத்தையும் ஒரே நாளில் கையிலெடுங்கள். நோயுற்ற குஞ்சு தீனியை விட்டுவிட்டாலும் தண்ணீர் குடிக்கும் என்பதால் மருந்து தண்ணீரில்தான் போக வேண்டும். மருத்துவர் ஆம்ப்ரோலியம் எழுதினால், 20 விழுக்காட்டுத் தூளில் லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் ஐந்து நாள், பிறகு 0.3 கிராம் வீதம் ஒரு வாரம் என்பது வழக்கமான அளவு. உங்கள் பொட்டலத்தின் வலிமையைப் படித்துப் பார்த்துக் கணக்கிடுங்கள். நாள்தோறும் புதிதாகக் கலக்குங்கள்; வேறு தண்ணீர் வைக்காதீர்கள். நன்றாகத் திரியும் குஞ்சுகளுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவையும் அதே கூளத்தைத்தான் கொத்தியிருக்கின்றன.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். தெம்புக்கு என்று பி காம்ப்ளக்சையும் அதே தண்ணீரில் ஊற்றிவிடுகிறார்கள். ஆம்ப்ரோலியம், வைட்டமின் பி1 போல வேடமிட்டு ஒட்டுண்ணியை ஏமாற்றிப் பட்டினி போடும் மருந்து. அசல் பி1 தாராளமாகக் கிடைத்தால் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும். அந்த ஐந்து நாளும் பி வைட்டமின் வேண்டாம். வைட்டமின் கே கொடுக்கலாம், இரத்தக் கசிவு குறைய உதவும். வைட்டமின் ஏ குடல் சுவர் ஆறத் துணை செய்யும். சிதைந்த குடலை மருந்தால் உடனே தைத்துவிட முடியாது. முதல் இரண்டு நாள் சில குஞ்சுகள் இறக்கலாம். பதறி மருந்தை மாற்றாதீர்கள். மூன்றாம் நாளும் இறப்பு குறையாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். புண்ணான குடலில் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம்.

கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் மிகுதி. மெல்ல உதிர்ந்தால் சரி. தண்ணீர்க் கலனைச் சுற்றி, சாரல் பட்ட ஓரம், நடுப்பகுதி என மூன்று இடங்களில் இப்படிப் பாருங்கள். கட்டிதட்டியதை வாரி வெளியேற்றிவிட்டு, உலர்ந்த புதுக் கூளம் பரப்பி, நாள்தோறும் கிளறிவிடுங்கள். தண்ணீர்க் கலன் குஞ்சின் முதுகு உயரத்தில் இருந்தால் சிந்துவது குறையும். சாரல் பக்கம் படுதா கட்டுங்கள். ஆனால் காற்றை அடைத்துவிடக் கூடாது. கிருமிநாசினி தெளித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முட்டைக்கூட்டின் ஓடு சாதாரணக் கிருமிநாசினிகளைத் தாங்கிவிடும். கடும் சூடும் நல்ல உலர்வுமே அதைக் கொல்லும்.

கொட்டகையில் ஒரு முட்டைக்கூடுகூட இல்லாமல் செய்துவிட முடியாது. அப்படிச் செய்யவும் தேவையில்லை. சிறுகச் சிறுக உட்கொள்ளும் குஞ்சு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். ஒரேயடியாக ஏராளமாக விழுங்குவதுதான் கொல்கிறது. அந்த எதிர்ப்பும் வகைக்கு வகை தனி. கோழியைத் தாக்கும் ஐமீரியா ஏழு வகை. ஒன்றிலிருந்து தப்பியது இன்னொன்றில் விழலாம். அடுத்த தொகுதிக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி போட்ட குஞ்சு வாங்குவதாக இருந்தால், ஐமீரியாவை அடக்கும் காக்சிடியா தடுப்பு மருந்து கலந்த தீனி வேண்டாம். தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள ஒட்டுண்ணி. மருந்து அதையே அடக்கிவிடும்.

குட்டிக்குக் கோழியிடமிருந்து தொற்றவில்லை, நிம்மதியாக இருங்கள். கோழியின் ஐமீரியா ஆட்டுக்குப் போகாது. ஆட்டினுடையது கோழிக்கு வராது. இரண்டும் மனிதருக்கும் வராது. ஆனால் ஆடுகளுக்கென்றே தனி ஐமீரியா வகைகள் உண்டு. தாய் ஆட்டின் சாணத்திலிருந்து குட்டிக்குச் சேரும். மூன்று வாரம் முதல் ஐந்து மாதம் வரையிலான குட்டிகளில், அதிலும் பால் மறக்கும் நேரத்தில் மிகுதி. குட்டிகளில் இரத்தம் தெரியாமலேயே நோய் முற்றலாம். வால் அழுக்காகி, முக்கிக்கொண்டு, வயிறு ஒட்டி, கண் குழிந்து நின்றால் தாமதிக்காதீர்கள். சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஆனால் நலமான ஆட்டின் சாணத்திலும் முட்டைக்கூடு இருக்கும் என்பதால், குட்டியையும் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். கோழிக்குக் கலக்கிய தண்ணீரை அதற்கு வைக்காதீர்கள். குட்டிக்கு எடை பார்த்துத்தான் அளவு. அதுவரை உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். தீவனத்தையும் தண்ணீரையும் குட்டி கால் வைக்க முடியாத உயரத்தில் வையுங்கள். மற்றக் குட்டிகளை இன்றே உலர்ந்த வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.