கொதிப்பும் அல்ல, நரம்பும் அல்ல
மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. மருத்துவமனையில் பார்த்தால் 156/94. வீட்டில் நான் பார்த்தால் 128/82. எதை நம்புவது? அவருக்குக் கோபமே வராது. அவருக்குப் போய் ரத்தக் கொதிப்பு எப்படி வரும்?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அம்மா. ‘ரத்தக் கொதிப்பு’ என்ற பெயர் செய்திருக்கும் கேடு கொஞ்சமல்ல. ரத்தம் எங்கும் கொதிப்பதில்லை. ஓடும் ரத்தம் தமனியின், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயின், சுவரை அழுத்துகிறது, அவ்வளவுதான். இதயம் சுருங்கும்போது இருக்கும் அழுத்தம் மேல் எண், தளரும்போது இருப்பது கீழ் எண். கோபக்காரர்களுக்குத்தான் இது வரும் என்று நம்பி, சாந்தமானவர்கள் பல ஆண்டுகள் அளந்துபார்க்காமலே இருந்துவிடுகிறார்கள்.

அந்த அழுத்தம் எவ்வளவு என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் குழாயில் 8 அடிக்கு மேல் ஏறி நின்றதை 1733-இல் எழுதி வெளியிட்டார். நம் கணக்கில் மேல் எண் 120 என்றால், அதே போன்ற குழாயில் ரத்தம் ஏறக்குறைய 5 அடி ஏறும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்பு. ஒவ்வொன்றையும் தமனிச் சுவர் தாங்குகிறது, சத்தமே இல்லாமல். தலைவலி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பது அதனால்தான் வீண்.

இனி உங்கள் இரண்டு எண்கள். மருத்துவமனையில் மட்டும் அழுத்தம் ஏறுவது பலருக்கு உண்டு. ஆனால் அளந்த விதமும் தவறாக இருக்கலாம். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, மாடி ஏறி மூச்சிரைக்க வந்தவரை உட்காரவிடாமல் அளந்து 170 என்று எழுதினேன். என் மூத்த மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, என்னையே மறுபடி அளக்கச் சொன்னார். 138. அன்று அவருக்கு நான் எழுத இருந்த மாத்திரையை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது.

வீட்டில் அளக்கும்போது முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதங்கள் தரையில் படட்டும், கை இதயத்தின் உயரத்தில் மேசைமீது இருக்கட்டும். கை தொங்கினால் எண் கூடும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் கூடும். அதற்கு முன் அரை மணி நேரம் காபியோ புகையோ கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. ஏழு நாள், காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள். 135/85-ஐத் தொட்டால், அது உயர் ரத்த அழுத்தம்தான். தொடாவிட்டாலும் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளாக பிரஷர் சரியாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: சரியாக இருப்பது மாத்திரையால். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியிருக்கிறது, இருந்தாலும் மறுபடி சொல்கிறேன். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டதில் கணுக்கால் வீங்கியது. சிறுநீரகம் கெட்டுவிட்டதென்று பயந்து, அவரே நிறுத்திவிட்டார். நான்கு மாதம் என்னிடம் சொல்லவில்லை. வாய் கோணி, வலது கை விழுந்து வந்தபோது மேல் எண் 210. அந்த வீக்கம் அந்த மருந்துக்கு உள்ள பக்கவிளைவு. சொல்லியிருந்தால் ஒரே நாளில் வேறு மருந்துக்கு மாற்றியிருப்பேன். எனலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரைகளில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அதற்கும் மாற்று உண்டு. உடல் எடை குறைந்து, நாள் ஒன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் வந்து, தினமும் நடக்கிறவர்களுக்கு அளவைக் குறைக்க முடியும். அதை மருத்துவர் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: மாமியார் படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றி விழப்போகிறார். பிரஷர் 130 தான்.

பதில்: உட்கார்ந்து அளந்த 130 அது. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் அதுதான். நீர் குறைவாகக் குடிப்பது, சில மாத்திரைகள், நாள்பட்ட சர்க்கரை நோய் எல்லாம் இதைச் செய்யும். மருத்துவரைப் பார்க்கும் வரை, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. நடந்தால் வலிக்கிறது.

பதில்: சுருண்டிருப்பது நரம்பு அல்ல, சிரை. ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய். அதற்குள் இருக்கும் சிறு வால்வுகள் தளர்ந்தால் ரத்தம் கீழே தேங்கிக் குழாய் புடைக்கிறது. நெடுநேரம் நின்றால் கால் கனக்கும்; நடந்தால் கெண்டைத் தசை அழுத்தி ரத்தத்தை மேலேற்றுவதால் பெரும்பாலும் ஆறுதல்தான் கிடைக்கும். உங்களுக்கோ நடந்தால் வலிக்கிறது. சற்று நின்றதும் விட்டுவிடுகிறதா? அப்படியானால் சிரையை விடுங்கள், தமனி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணுக்காலிலும் கையிலும் அழுத்தத்தை அளந்து, கணுக்கால் எண்ணைக் கையின் எண்ணால் வகுத்தால் தெரிந்துவிடும், விடை 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

ஒரே ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி வலித்தால் தேய்த்துவிடாதீர்கள். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எந்தக் கையில் அளப்பது?

பதில்: முதல் தடவை இரண்டிலும். எது அதிகமோ, பிறகு எப்போதும் அந்தக் கையில். வேறுபாடு 15-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் கைக்குப் போகும் தமனி குறுகியிருக்கலாம்.