பூட்டன் ஆமிக்காரனா? முதலில் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ஆமியில் இருந்ததாகச் சொல்லப்படும் பூட்டனைப் பற்றி, கொழும்பில் இருந்துகொண்டு எப்படித் தேடுவது?

எல்லோரும் முதலில் லண்டனுக்குத்தான் எழுதப் பார்ப்பார்கள். எனக்கு அப்பப்பாவைக் காட்டித் தந்தவை வெள்ளவத்தை வீட்டு அலுமாரிக்கு மேலே கிடந்த றங்குப்பெட்டியும், பிரதேச செயலகத்தில் எடுத்த இரண்டு பிறப்புப் பத்திரங்களும்.

பெட்டிக்குள் ஒரு நட்சத்திரப் பதக்கம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பெயர் இல்லை. முதலாம் போர்ப் பதக்கம் என்றால் பெயரும் இலக்கமும் பொறித்திருக்கும். இரண்டாம் போருக்குப் பிரிட்டன் அப்படிப் பொறித்துக் கொடுக்கவில்லை. ஆனால் நாடாவைப் பார்த்தால் போதும்: மணல் நிறம், நடுவில் அகலச் சிவப்பு, ஒரு பக்கம் கருநீலக் கோடு, மறுபக்கம் வெளிர்நீலக் கோடு. ஆப்பிரிக்க நட்சத்திரம். 1940 ஜூனுக்கும் 1943 மேக்கும் இடையில் வட ஆப்பிரிக்கப் பக்கம் நின்றவர்களுக்குக் கொடுத்தது. கூடவே ஒரு ஸ்டூடியோப் படம், பின்னால் கெய்ரோ முத்திரை.

அப்பப்பா வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரொம்மலோடு சண்டை பிடித்தவர் என்பது வீட்டுக் கதை. சரி, பிறப்புப் பத்திரத்தில் தகப்பனின் தொழிலுக்கு ஓர் இடம் இருக்கிறதல்லவா? 1940இல் பிறந்த பெரிய மாமியுடையதில் ‘கணக்கப்பிள்ளை’. 1947இல் பிறந்த அப்பாவுடையதில் ‘லொறிச் சாரதி’. பிரிட்டிஷ் ஆமியின் சேவைப் படையில் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போன இலங்கையர் இருந்தார்கள். அந்தப் படையின் வேலையே லொறியில் சாமான் கொண்டுபோவதுதான். கணக்கெழுதியவர் ஸ்டியரிங் பிடிக்கப் பழகியது அங்கேதான் என்று நினைக்கிறேன். ரொம்மல் கதை போனதில் எனக்குக் கவலையில்லை.

லண்டனுக்கு எழுதுவதென்றால் சேவை இலக்கம் இருந்தால் தேடுவது சுலபம். பழைய கடிதம், சம்பளப் புத்தகம் எதிலாவது இருக்கும். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த கோப்புகள் இப்போது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறி வருகின்றன. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆமி எழுத்தர் தகப்பன் பெயரைப் பிடித்தாரோ, சொந்தப் பெயரையோ! இரண்டிலும் தேடுங்கள். முதலாம் போர் என்றால் பாடுதான்: சிப்பாய்களின் கோப்புகளில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துவிட்டது.

விகாரமகாதேவிப் பூங்கா நினைவுத்தூணடியில் பெயர் தேடி நானும் வெயிலில் நின்றேன். மடத்தனம். அங்கே இருப்பது போரில் செத்தவர்களின் பெயர். திரும்பி வந்து பிள்ளை பெற்றவரை அங்கே தேடக்கூடாது. கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வர்த்தமானிகள் பார்க்கலாம், ஆனால் நியமனம் வர்த்தமானியில் வருவது அதிகாரிகளுக்குத்தான்.

அப்புறம், மாமிக்கும் அப்பாவுக்கும் நடுவே உள்ள அந்த ஏழு வருட இடைவெளி. அப்பம்மா கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் இருந்தார் என்றுதான் சொந்தத்துக்குள் பேச்சு. இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து மாமியிடம் கேட்டேன். கெய்ரோப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆர் சொன்னது கோவம் எண்டு? அவர் வந்து இறங்கின அண்டைக்கு நான் அவரை ‘மாமா’ எண்டெல்லோ கூப்பிட்டனான்.”