சேவர் இல்லாமலே தொடங்கலாம்: கல்முனைப் பெற்றோர் ஒருவருக்குப் பதில்

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகளை உடனே 'ஃபுல் ஸ்டாக்' (தளத்தின் முகப்பு முதல், தரவை வைத்து வழங்கும் கணினியான சேவர், தரவுத்தளம் வரை எல்லாம் கற்பிக்கும்) பாடநெறியில் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கம்), சிஎஸ்எஸ் (தோற்றம்), ஜாவாஸ்கிரிப்ட் (செயற்பாடு) மூன்றை மட்டும் வைத்து இரண்டு தளங்களை அவர் முழுதாக முடிக்கட்டும். பிறகு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகமோ ஒலுவில் பல்கலைக்கழகமோ கிடைத்தாலும் சரி, நேரே வேலைக்கு விண்ணப்பித்தாலும் சரி, திறந்து பார்க்க ஓர் இணைப்பு கையில் இருக்கும்.

முதலாவதாக மட்டக்களப்பு - கல்முனை பஸ் நேர அட்டவணையைச் செய்யச் சொல்லுங்கள். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று தரிப்பிடத்தைத் தெரிவு செய்தால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான். நேரங்களைத் தரிப்பிடத்தில் நின்று கேட்டு, ஜேசன் என்ற எளிய எழுத்து வடிவத் தரவுக் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 9:30 என்று எழுதினால் கணினி அதை எழுத்தாகவே ஒப்பிட்டு, 10:05க்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்ளும். 09:30 என்று எழுதினால் வரிசை சரியாகும்.

எச்டிஎம்எல் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் ஜேசன் தரவு வராது. பாதுகாப்புக்காக பிரவுசரே தடுத்துவிடும். பிள்ளைகள் அநேகமாக மனம் சோர்ந்துபோகும் இடம் இது. விஎஸ் கோட் என்ற நிரலெழுதும் மென்பொருளில், சொந்தக் கணினியிலேயே சேவர்போல் இயங்கும் 'லைவ் சேவர்' என்ற நீட்சியைப் போட்டு அதன் வழியாகத் திறந்தால் வேலை செய்யும்.

தமிழ் எழுத்து கட்டாயம் யூனிகோடில் (எல்லாக் கருவிகளும் அறியும் பொது எழுத்துமுறை) இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால் மற்றவர் போனில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் முறை) என்று குறிப்பிடவும் வேண்டும்.

இரண்டாவது, வீட்டுச் செலவுக் கணக்கு. தரவை பிரவுசரின் 'லோக்கல் ஸ்டோரேஜ்' பகுதியில் சேமிக்கலாம். அது ஏறத்தாழ 5 எம்பி கொள்ளும். எழுத்தை மட்டுமே வைத்திருக்கும், எனவே பட்டியலை ஜேசன் எழுத்தாக மாற்றித்தான் போட வேண்டும். பிரவுசர் தரவை அழித்தால் கணக்கும் போய்விடும். ஆகவே கோப்பாகத் தரவிறக்கும் பொத்தான் ஒன்றையும் சேர்க்கட்டும்.

வெளியிட, கோப்புகளை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளத்தின் 'பேஜஸ்' சேவை போதும், காசு இல்லை. முதற்பக்கக் கோப்பின் பெயர் 'index.html' என்றிருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் தெரிந்த படம் அங்கே காணாமல் போனால், பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, கிட்ஹப் பொருட்படுத்தும். இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் கோப்புகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். கடவுச்சொல், ஏபிஐ சாவி (பிற சேவைகளைப் பயன்படுத்தத் தரப்படும் இரகசியக் குறியீடு), மற்றவரின் தொலைபேசி இலக்கம் எதையும் அதில் போடவே கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் கடவுச்சொல் சரிபார்ப்பது பூட்டே அல்ல, யாரும் திறந்து வாசிக்கலாம். பிறரிடம் தகவல் வாங்க வேண்டுமென்றால் கூகுள் ஃபார்ம் இணைப்பு போதும்.

செலவுக் கணக்கை உங்கள் போனிலும் மகளின் போனிலும் ஒன்றாகப் பார்க்க விரும்பும்போதுதான் சேவரும் தரவுத்தளமும் தேவைப்படும். பாடநெறிக்கு அப்போது பணம் கட்டுங்கள். கட்டுமுன், தரவுத்தளம், பயனர் உள்நுழைவு இரண்டையும் மாணவர் தாமே செய்து இணையத்தில் ஏற்றி முடிப்பார்களா என்று கேட்டு, பழைய மாணவர்கள் செய்த தளங்களின் இணைப்புகளையும் வாங்கிப் பாருங்கள்.