கையெழுத்து என்னுடையது, செக் புத்தகம் அவரிடம்

கேள்வி: அக்கா, எங்கள் ஊராட்சியின் மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு நான் தலைவி. பேங்க் வேலை முழுக்க என் வீட்டுக்காரர்தான் பார்க்கிறார். தொகை எழுதாத செக்கில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நாலு மாதமாக நடக்கிறது. கணக்குக் கேட்டால், "உனக்காகத்தானே அவன் அலையறான்" என்கிறார் மாமியார். குழுப் பெண்களும், "அண்ணன் பாத்துக்குவாரு, நீ ஏன் வாயக் குடுக்கறே" என்கிறார்கள். அப்புறம் நான் என்ன தலைவி?
- வாசகி, காவேரிப்பட்டணம் பக்கம்

பதில்: தங்கச்சி, உங்கள் கூட்டமைப்புக் கணக்கில் யாருடைய செல்போன் நம்பர் பதிவாகியிருக்கிறது? கடிதத்தில் நீ எழுதவில்லை. ஆனால் பணம் எடுத்தால் மெசேஜ் உன் வீட்டுக்காரர் போனுக்குத்தான் போகும் என்று பந்தயமே கட்டுவேன். பல ஊர்களில் பார்த்தாகிவிட்டது.

முதலில் அந்த நம்பரை மாற்று. இதற்காக வீட்டில் சண்டை போடவேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு, தீர்மான நோட்டில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, உன்னோடு செக்கில் கையெழுத்துப் போடுகிறவரையும் கூட்டிக்கொண்டு பேங்குக்கு நீயே போ. செக் புத்தகம் கூட்டமைப்பு பீரோவுக்கு வரட்டும், சாவி பொருளாளரிடம் இருக்கட்டும். பெயரும் தொகையும் எழுதாத செக்கில் இனிமேல் கையெழுத்து வேண்டாம். "கூட்டத்துல தீர்மானம் போட்டுட்டாங்க" என்று வீட்டில் சொல்லிவிடு. நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியது கையெழுத்துப் போட்ட நீங்கள் இருவரும்தான். அலைந்தவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

சரி, இது பேங்க் சமாச்சாரம். "நான் என்ன தலைவி" என்று கேட்டாயே, அதில் என் தப்பும் கொஞ்சம் இருக்கிறது.

ஐஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989ல் அரசு மகளிர் குழுத் திட்டத்தை முதலில் ஆரம்பித்தது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004ல். அதனால் அன்றைக்கு உன் ஊரும் எங்கள் எல்லைக்குள்தான். திட்டம் வந்த சில வருடத்தில் நான் களப்பணியாளராகச் சேர்ந்தேன். குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநராக யாரைப் போடலாம் என்று ஊர்ப் பெரியவரைக் கேட்போம். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுங்க, அதிர்ந்து பேசாது" என்பார். அவளையே போடுவோம். பென்னாகரம் பக்கம் ஒருத்தி சந்தையில் புளி வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "அது வாய்க்காரிங்க" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். கணக்குக் கேட்கிறவளை ஒதுக்கிவிட்டுக் கேட்காதவளைத் தலைவி ஆக்கினேன். போதாததற்கு, "பெண்கள் முன்வருவதில்லை" என்று ரிப்போர்ட் வேறு எழுதினேன்! இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

உன் மாமியாரைத் திட்டாதே. "நல்ல மருமகள் கேள்வி கேட்கமாட்டாள்" என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் உனக்குச் சொல்கிறார். நான் அதையே அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்.

ஊராட்சியிலும் இதே கதைதான். 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தது, 2016ல் அதைப் பாதியாக்கிச் சட்டம் போட்டார்கள். ஆனால் நான் வேலை பார்த்த ஒரு ஊரில் "தலைவர் வந்துட்டாரா?" என்றால் வீட்டுக்காரரைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். ஓட்டு வாங்கி ஜெயித்த அம்மா "தலைவர் வீட்டம்மா". எனக்கும் அது பழகி, நானே ஒருநாள் அந்த அம்மாவிடம், "தலைவர் இல்லீங்களா?" என்று கேட்டேன். "நாந்தாங்க" என்றார்.

அதற்காகப் பதவி வீண் என்று நினைத்துவிடாதே. மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளை ராகவேந்திர சட்டோபாத்யாயாவும், பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டூஃப்லோவும் ஆராய்ந்து 2004ல் வெளியிட்டார்கள். அங்கெல்லாம் குடிநீர் வேலைகள் கூடுதலாக நடந்திருந்தன. அங்கேயும் வீட்டுக்காரர்கள் இருந்திருப்பார்கள்தானே? ஃப்ளோரைடு தண்ணீரால் பிள்ளைகளின் பல் கறையானதைப் பார்த்த நம்ம ஊர்ப் பெண்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

உன் குழுப் பெண்கள் "அண்ணன் பாத்துக்குவாரு" என்பது பாசத்தால் மட்டும் இல்லை. அடுத்த கடன் அவர் கையில் இருப்பதாக நினைக்கிறார்கள். கூட்டம் ஆரம்பித்ததும் பாஸ்புக் இருப்பைச் சத்தமாகப் படி. மூன்று கூட்டம் படித்தால் நாலாவது கூட்டத்தில், "போன மாசம் அந்த எட்டாயிரம் எதுக்கு எடுத்தது?" என்று அவர்களே கேட்பார்கள். அப்போது நீயும் வாயடைத்துப் போகாமல் பதில் வைத்திரு.

கேள்வி: நான் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பக்கத்து லைன் சார் கத்தினால் "ஸ்ட்ரிக்ட்", நான் கத்தினால் "திமிர்". பொறுமையாகச் சொன்னால் யாரும் மதிப்பதில்லை. நான் மாறணுமா?
- ஓசூர் வாசகி

பதில்: இந்த இரட்டைப் பொறியைத்தான் ஆலிஸ் ஈக்லி, ஸ்டீவன் கராவ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2002ல் விளக்கினார்கள். பெண் என்றால் கனிவு, தலைமை என்றால் கறார் என்று ஆட்கள் மனதில் இருப்பதால், எப்படி நடந்தாலும் ஒரு பக்கம் குறை வரும். அதனால் குரலை ஏற்றுவதா இறக்குவதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு ஓ.டி. என்பதை வாரம் தொடங்கும் முன்பே போர்டில் எழுதிப் போடுங்கள். கத்த வேண்டிய இடம் பாதி குறையும். மீதிக்குக் கத்துங்கள், தப்பில்லை.

கேள்வி: எங்கள் ஆபீசுக்குப் புதிதாக ஒரு மேடம் வந்திருக்கிறார். டீ வாங்கி வரச் சொல்கிறார். ஒரு மாதிரி இருக்கிறது.
- காரிமங்கலம் வாசகர்

பதில்: முன்னால் இருந்த சாருக்கு வாங்கி வந்தபோது எந்த மாதிரி இருந்தது, தம்பி?